மெயின் போர்டுக்கு வைத்த பொட்டு

1

நாங்கள் ஆவடிக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம். "வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தா" என்று எங்கள் ஊர் மன்னாரில் சஞ்சிகை நடத்தும் நண்பன் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கனடாவுக்கும் நோர்வேக்கும் போனவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்களுக்குப் பனி இருக்கிறது, புரியாத மொழி இருக்கிறது, எழுத விஷயம் இருக்கிறது. எனக்கு இருப்பது முத்தாபுதுப்பேட்டையில் இரண்டு அறை வாடகை வீடு. ஆவடி ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பட்டரவாக்கம் வரை மின்சார ரயில், இறங்கி நடந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. கடைப் பலகைகள் தமிழில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தமிழில், பக்கத்து வீட்டுச் சண்டையும் தமிழில். இதில் வெளிநாடு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.

அது வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வரும். விசா முடிகிற மாதம்.

என்னுடையது வேலை விசா. கொழும்பில் இதே கம்பெனியின் கிளையில் இருந்தேன். அந்தக் கிளையை மூடியபோது, விருப்பமிருந்தால் அம்பத்தூருக்கு வா என்றார்கள், வந்தேன். மனைவி ஜெசிந்தாவும் மகள் ரொஷானியும் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஒவ்வொரு வருடமும் கம்பெனி ஒரு கடிதம் தர வேண்டும். இவர் எங்களிடம் வேலை செய்கிறார், இன்னும் ஒரு வருடத்துக்குத் தேவைப்படுகிறார், நடத்தை திருப்தி. அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் என் கோப்பைத் திறக்கவே மாட்டார்கள். வீட்டு ஒப்பந்தம், காஸ் இணைப்பு, ரொஷானியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொங்குகின்றன. இந்த வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. நடுவில் எழும்பிப் போ என்றால் அவள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

ரொஷானி வந்தபோது எட்டு வயது. வகுப்பில் 'கதைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் சிரித்ததற்காக இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். ஆறு மாதத்தில் கணக்கைத் தீர்த்துவிட்டாள். இப்போது வேலை முடிந்து வந்தால், "இன்னாப்பா, சாப்ட்டியா?" என்று கேட்கிறாள். தகப்பனை 'நீ' என்று கதைக்கிறாளே என்று ஜெசிந்தா ஏசாத நாள் இல்லை. எனக்குக் கவலை அதுவல்ல. ஊர்ப் பெயரைச் சொன்னால் அது தன்னுடைய ஊர் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. போன டிசம்பரில் நத்தாருக்கு ஊருக்குப் போவோமா என்று கேட்டேன். "அங்க போய் இன்னா பண்றது?" என்றாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

நான் எழுதப் போவது இந்த வருடத்து விசா மாதத்தைப் பற்றி. இதை ஆவடியில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. கொம்பியூட்டர் வேலை என்றதோடு சரி. எங்கள் கம்பெனி வாகன உதிரிப் பாகங்களை வாங்கி, பிரித்து, பல ஊர்களுக்கு அனுப்புகிறது. கட்டிடத்தில் எண்பத்து நான்கு கணினிகள். கீழ்த்தளத்தில் முப்பது, மாடியில் ஐம்பத்து நான்கு. எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏறுகிறது என்பதிலிருந்து பில் அடிப்பது வரை ஒரே மென்பொருள். அதன் புதிய பதிப்பை எல்லாக் கணினிகளிலும் ஏற்ற வேண்டியிருந்தது. மேசை மேசையாகப் போய் ஏற்றினால் ஒரு வாரம் ஆகும். அதனால் சர்வரிலிருந்து ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடுவோம். அவை தாமாக எடுத்து நிறுவிக்கொண்டு, ஒருமுறை அணைந்து எழும்பும். நடுவில் மின்சாரம் போகக்கூடாது. முக்கியமான விதி அதுதான்.

கையோடு விண்டோசின் பாதுகாப்பு அப்டேட்டையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தது நான். இரண்டு வேலையை ஒரே நாளில் முடிக்கிற ஆசை. இரண்டும் ஒன்றாகப் போய் நடுவில் நின்றால் மென்பொருள் மட்டுமல்ல, கணினியே எழும்பாது. இதுவும் எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை நாளைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். நான் கத்தோலிக்கன். ஊரில் பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைக்கு அவல் கடலை சாப்பிட்டதோடு என் அனுபவம் முடிந்தது. தொழிற்பேட்டையில் அது வேறு அளவில் நடக்கும். லேத் மெஷினிலிருந்து லாரி வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் மானிட்டர்களின் நெற்றியிலெல்லாம் பொட்டு இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் விஜயதசமியும் விடுமுறை. ஆளில்லாத கட்டிடம் இரண்டு நாள் கையில் கிடைக்கிறது, இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன்.

கணினிகளை யாரும் அணைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டேன். ஆங்கிலத்தில் அச்சடித்து மேசைதோறும் ஒட்டினேன். தாமு அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை.

தாமு அண்ணன், முழுப் பெயர் தாமோதரன், கட்டிடத்தின் எலக்ட்ரீஷியன். கான்ட்ராக்ட் ஆள். ஐம்பத்தாறு வயது, வீடு திருவேற்காடு. பதினெட்டு வருடமாக அதே கட்டிடத்தில் இருக்கிறார். அவருக்கு மேசை கிடையாது, கணினி கிடையாது, மின்னஞ்சலும் கிடையாது. நேரில் போய் வாயால் சொல்ல வேண்டிய ஆள்.

நான் போகவில்லை. காரணம் சின்னது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வந்த முதல் வாரம் என் பேச்சைக் கேட்டுவிட்டு அவர், "இன்னா சார், கேரளாவா நீ?" என்று கேட்டார். வழக்கமாக எல்லோரும் கேட்பதுதான். மன்னார் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்த கேள்வி வரும். நான் நாகர்கோவில் பக்கம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரிடம் நீளமாகப் பேசினால் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். அவர் என் பெயரையும் தன் இஷ்டத்துக்கு ஆக்கிவைத்திருந்தார். ஊரில் அன்ரன், மானேஜருக்கு ஆன்டன், தாமு அண்ணனுக்கு ஆண்டனி சார்.

3

ஆயுத பூஜையன்று இரண்டு மணிக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையிலிருந்தே மடிக்கணினியைத் திறந்து அனுப்பினேன். திரையில் எண்பத்து நான்கு கணினிகளின் பெயர்களும் ஒரு பட்டியலாக நின்றன. நல்லபடி ஓடுகிறவை பச்சையில் இருக்கும். கீழ்த்தளத்து முப்பதும் சுகமாக முடிந்தன. மாடி பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டே முக்காலுக்கு மாடியின் முதல் பெயர் சிவப்பானது. பிறகு அதன் கீழே உள்ளது. பிறகு அடுத்தது. ஒரு நிமிடத்துக்குள் ஐம்பத்து நான்கும் சிவப்பு.

பயப்படாத மனிதன் உடனே மின்சாரத்தைத்தான் நினைத்திருப்பான். ஒரு தளம் மொத்தமாகப் போயிருக்கிறது, மற்றத் தளம் நன்றாக இருக்கிறது, வேறு என்னவாக இருக்க முடியும்? கட்டிடத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். தாமு அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் நான் போனைத் தொடவில்லை. நான் அனுப்பிய தொகுப்பில் பிழை, இல்லாவிட்டால் வைரஸ், இல்லாவிட்டால் யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்று மூளை ஓடியது. நாளை மறுநாள் காலை லாரிகள் வந்து நிற்கும். விசா முடிய மூன்று கிழமைகூட இல்லை, இருபது நாள்தான். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

பட்டியலில் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உங்களில் என் வயதுக்காரர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் ராணுவம் ஊரைச் சுற்றிவளைக்கும் நாட்களில் ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் மறுபக்கம். தலையாட்டி என்றே அவனுக்குப் பெயர். எனக்குப் பத்தொன்பது வயதில் எனக்கு முன்னால் நின்றவன் என் வகுப்புத் தோழன். அவனுக்குத் தலை ஆடியது. எனக்கு ஆடவில்லை. அவன் வீடு திரும்பவில்லை. அவனுக்கு ஏன், எனக்கு ஏன் இல்லை என்று இன்றும் தெரியாது.

அந்த நாட்களில் நாங்கள் ஒரு பழக்கம் பழகிக்கொண்டோம், யாரும் சொல்லித் தராமலே. அதிகாரி கேட்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும். எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன், பையில் என்ன இருக்கிறது என்று முந்திக்கொண்டு ஒப்பித்தால் அடி குறைவு. செய்யாததையும் 'ஓம், பிழைதான்' என்று ஒத்துக்கொண்டால் சில நேரம் விட்டுவிடுவார்கள்.

அதைத்தான் செய்தேன். என்ன நடந்தது என்று பார்க்கவே இல்லை. மூன்று மணிக்கு மானேஜர் ரகுராமனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். புதிய பதிப்பு ஏற்றும்போது மாடியின் ஐம்பத்து நான்கு கணினிகளும் செயலிழந்தன, இது முழுக்க முழுக்க என் பிழை, முழுப் பொறுப்பையும் நான் ஏற்கிறேன், மன்னிக்கவும். பெங்களூர்த் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போட்டேன். அனுப்பிய பிறகு ஐந்து நிமிடம் மனம் அமைதியாக இருந்தது. அதன் பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

ரகுராமன் கெட்ட மனிதர் இல்லை. கோவில்பட்டிக்காரர், அவரும் வந்தேறிதான், அப்படி அவரே சொல்லிச் சிரிப்பார். ஆறு மணிக்குக் கூப்பிட்டார். சரிசெய்ய முடியுமா என்று கேட்டார், முடியும் என்றேன். பிறகு, "ஆன்டன், யாரும் கேக்காமலே நீங்களே உங்க தப்புன்னு எழுதிட்டீங்க. பெங்களூருக்கும் போயிருச்சு. இது முடியற வரைக்கும் விசா லெட்டர்ல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

ஜெசிந்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரியைத் திறந்து மூன்று கடவுச்சீட்டுகளையும் எடுத்து, முடியும் திகதிகளைப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

4

விஜயதசமி காலை எட்டு மணிக்கெல்லாம் அலுவலகத்தில் இருந்தேன். தாமு அண்ணன் கேட்டைத் திறந்தார். வாடிய வாழைக்கன்றுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார், லீவு நாள்ல வந்துகீற?" என்றார். வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

ஐம்பத்து நான்கு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நீலப் பக்கம், ஒரே வாசகம். பழுது பார்க்க முயல்கிறது, முடியவில்லை, மறுபடி முயல்கிறது. அவற்றின் நெற்றிகளில் நேற்றைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். தப்பியது ஒன்றாவது இருக்குமா என்று பார்த்தேன். இல்லை.

கதவருகே விரல் வைத்து வருகையைப் பதிகிற கருவி இருக்கிறது. பழைய சாமான், உள்ளே உள்ள சிறு பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. மின்சாரம் போய் வந்தால் அதன் கடிகாரம் நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்கும், யாராவது திருத்தும் வரை அப்படியே ஓடும். நேற்றுப் பூஜைக்கு முன்பு சரியான நேரம் காட்டியது, நானே பார்த்தேன். இப்போது கைக்கடிகாரத்தில் எட்டே கால். கருவி காட்டியது மாலை ஐந்து இருபது. அது ஓடத் தொடங்கிப் பதினேழு மணி இருபது நிமிடம். பின்னால் எண்ணினேன். நேற்று மதியம் மூன்றுக்குக் கொஞ்சம் முன்பு.

மின்சாரம். வேறொன்றும் இல்லை. மின்சாரம் வந்தால் கணினிகள் தாமே எழும்ப வேண்டும் என்று அமைத்து வைத்திருந்ததும் நான்தான். அதனால்தான் திரைகள் எரிந்தன, அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் பெரிய யு.பி.எஸ் இருக்கிறதே, அரை மணி நேரம் தாங்குமே?

கீழே போய்த் தாமு அண்ணனிடம், நேற்று மதியம் கரண்ட் போனதா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்து மாடி மின்பலகை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தால் மெயின் போர்டு பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு சுவிட்சின் மேலும் அளவெடுத்ததுபோல ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். மேலே சாமந்திச் சரம். யு.பி.எஸ் பெட்டிக்கும் பேட்டரிகளுக்கும் அதே மரியாதை. கீழே கற்பூரம் எரிந்த கரி.

"அல்லாரும் போவட்டும்னு இருந்து, மெயின ஆஃப் பண்ணி, யு.பி.எஸ்ஸையும் நிறுத்திட்டு, நல்லா தொடச்சிப் பொட்டு வெச்சேன் சார். கரண்ட் ஓடிகினு இருக்கசொல்லோ எப்டித் தொடறது? கீழ் போர்டு காலைலயே முடிச்சிட்டேன். பத்தே நிமிசம், திருப்பிப் போட்டுட்டேன். உனுக்குக் கம்ப்யூட்டர் ஆயுதம், எனுக்கு இது தானே."

பதினெட்டு வருடமாக ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் செய்கிறாராம். திரைகளில் அணைக்காதே என்று ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன், அதுங்க எப்பவும் ஏதாவது எழுதிக்கினு தானே கீது என்றார்.

5

அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன், நீங்கள் அணைத்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் போனது, முன்கூட்டியே உங்களிடம் சொல்லாதது என் பிழை, இரண்டு பேரும் சேர்ந்து மானேஜரிடம் சொல்வோம் என்று. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துப் பேச்சு அது.

நான் மாடிக்கு ஏறினேன். நெஞ்சு அடித்தது, ஆனால் இப்போது பயத்தால் இல்லை. சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரகுராமனுக்கும் பெங்களூருக்கும் இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். ஆய்வில் காரணம் தெரிந்தது, மென்பொருளில் கோளாறு இல்லை, நிறுவல் நடந்துகொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் தாமோதரன் முன் அனுமதியின்றி மெயினையும் யு.பி.எஸ்ஸையும் அணைத்திருக்கிறார். வருகைக் கருவியின் படத்தையும் பொட்டு வைத்த போர்டின் படத்தையும் சேர்த்தேன். இரண்டு அப்டேட்டை ஒன்றாக அனுப்பியதை எழுதவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை எழுதவில்லை. நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்ததையும் எழுதவில்லை. நேற்று என் பிழை, என் பிழை என்று எழுதிய கைதான்.

அனுப்பிவிட்டுத் திரும்பினால் தாமு அண்ணன் வாசலில் நிற்கிறார். "தனியா இத்தினி பெட்டியும் எப்டிப் பார்ப்ப? நான் இன்னா பண்ணணும் சொல்லு" என்றார். இதுகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அப்டேட்டில் ஏதோ கோளாறு என்றேன்.

நான்கு பென் டிரைவ்கள் இருந்தன. ஒவ்வொரு கணினியிலும் அதைச் செருகி, அதிலிருந்து எழுப்பி, பாதியில் நின்றதை அழித்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு இருபது நிமிடம். இரண்டு தடவை செய்து காட்டினேன், மூன்றாவதை அவரே செய்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் வந்தால் எந்தப் பொத்தான் என்று நிறத்தையும் கோட்டையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கணினி எழும்பியதும், "இது வந்துட்ச்சி சார்" என்று அடுத்ததுக்குப் போவார். பகல் ஒரு மணிக்குத் திருவேற்காட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து, எலுமிச்சைச் சோறும் வடையும் பாதிக்குமேல் எனக்கு வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரகுராமன் கூப்பிட்டார். நான் எழும்பி ஜன்னல் பக்கம் போனேன். காரணத்தைக் கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று, பெங்களூரும் ஒத்துக்கொண்டுவிட்டது, நாளை கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சார் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தா என்று தாமு அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலே முக்காலுக்கு ஐம்பத்து நான்காவதும் எழும்பியது. அவர் எல்லாத் திரைகளையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கடிதம் கிடைக்கப் போகிறது என்றேன். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். எப்படி என்று கேட்டாள், சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன்ர பேரையோ எழுதினனீங்கள்?"

ஓம் என்றேன்.

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். ரொஷானி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "லெட்டர் வந்துடும்லப்பா? அப்புறம் இன்னா?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். அப்படியும் அவள் வாயிலிருந்து அது வந்தபோது என்னால் கேட்க முடியவில்லை.

6

மறுநாள் லாரிகள் நேரத்துக்குப் போயின. பதினோரு மணிக்குக் கடிதம் என் கைக்கு வந்தது. 'நடத்தை மிகவும் திருப்தி' என்று இருந்தது. போன வருடம் வெறும் திருப்தி.

அன்று மதியமே கான்ட்ராக்டர் வந்தார். பதினெட்டு வருடம் போர்டைப் பார்த்துக்கொண்டவரைப் பூந்தமல்லியில் பாதி கட்டிய ஒரு கட்டிடத்துக்குக் காவலுக்கு மாற்றினார்கள். இனி மின்சார வேலை எதிலும் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். ரகுராமனிடம் போய்ப் பேசலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். கடிதத்தைத் திரும்பக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாலை வெளியே வரும்போது தாமு அண்ணன் கேட்டருகே நின்றார். டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருந்த அவருடைய பை தோளில் இருந்தது. வேறு பக்கம் போக வழி இல்லை.

"கேமரா போட்டுக் குட்துச்சி சார்," என்றார். "அந்த ரூமாண்ட ஒண்ணு வெச்சிகிறாங்க, நான் கவனிக்கல. தப்பு என்னுது தான், பரவால்ல. அவுங்க நேத்தே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போயி ஒத்துகினு இருப்பேன், உன்னையும் சேத்து அலைய வெச்சிட்டேன். உனுக்கு ஒண்ணும் பிரச்சினை ஆவலியே?"

அவர் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. கேமராதான் சொன்னது என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. இவர் கத்தினால், உள்ளே போய்ச் சண்டை போட்டால், நோட்டீஸ் யாருக்குக் கொடுத்தாய் என்று அவர்கள் என்னைக் கேட்டால் என்றெல்லாம் மனம் ஓடியது. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது விசாவுக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை அண்ணன் என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் கட்டாயம் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, ஜெசிந்தாவிடம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லி போனேன். மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் அந்தக் கட்டிடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாட்டர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. சாலையின் இந்தப் பக்கம் கால் மணி நேரம் நின்றேன். பிறகு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். என்ன பயம் என்று கேட்காதீர்கள். கடிதம் கைக்கு வந்துவிட்டது, விசா இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்னிடம் உள்ள காரணம்.

7

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இந்த முறை கூட்டம் குறைவு. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம் பெண், ரொஷானியைவிட எட்டுப் பத்து வயதுதான் கூட இருக்கும். மரியாதையாகப் பேசினாள். கம்பெனிக் கடிதத்தை வாசித்துவிட்டு, நல்ல லெட்டர் சார் என்றாள். ரொஷானி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அதன் பிறகு எல்லா வருடமும் கேட்கிற கேள்விகள் வரிசையாக வந்தன. முகவரி மாறியதா என்றாள், இல்லை என்றேன். வேலை மாறியதா, இல்லை. வெளிநாடு போய் வந்தீர்களா, இல்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனாள்.

"உங்க மேல யாராவது ஏதாவது புகார் குடுத்திருக்காங்களா சார்?"

இல்லை என்றேன். உண்மைதான், யாரும் கொடுக்கவில்லை. அவள் கோடு போட்டு, முத்திரையை எடுத்தாள்.